கண்ணுக்குத் தெரியாத மிச்சம்: ரத்தப் புற்றுநோயின் எச்சத்தைத் துடைக்க ஆன்டிபாடி மருந்துகள்

ரத்தப் புற்றுநோய்க்கான முதற்கட்ட சிகிச்சை முடிந்ததும் நோயாளியின் இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜையை உறிஞ்சியெடுத்து நுண்ணோக்கியில் பார்க்கிறார்கள். முதிராத அணுக்கள் 5 சதவீதத்துக்கும் குறைவாக இருந்து, ரத்த அணுக்களின் எண்ணிக்கையும் மீண்டிருந்தால், நோய் தணிந்துவிட்டது என்று அறிக்கை வருகிறது. வீட்டில் இருப்பவர்கள் அதைக் குணமாகிவிட்டதாக எடுத்துக்கொள்வது இயல்பு. மருத்துவர் அப்படி எடுத்துக்கொள்வதில்லை. வேகமாக வளரும் ரத்தப் புற்றுநோய் வகையான அக்யூட் லிம்ஃபோபிளாஸ்டிக் லுகேமியா கண்டறியப்படும் நாளில் உடலில் ஏறத்தாழ ஒரு லட்சம் கோடி புற்றணுக்கள் இருக்கும் என்பது பொதுவான மதிப்பீடு. நூற்றில் தொண்ணூற்றொன்பது பங்கு அழிந்தாலும் ஆயிரம் கோடி அணுக்கள் மிஞ்சும். மஜ்ஜை தன் இயல்புநிலைக்குத் திரும்பும்போது பிறக்கும் நல்ல இளம் அணுக்களோடு அவை கலந்து நிற்பதால், எவ்வளவு அனுபவமுள்ள கண்ணுக்கும் பிடிபடாமல் போகலாம். மாதங்களோ ஆண்டுகளோ கழித்து நோய் திரும்புவது இந்த மிச்சத்திலிருந்துதான்.

இதை மருத்துவ உலகம் எம்.ஆர்.டி. என்று சுருக்கிச் சொல்கிறது. அளவிடக்கூடிய எஞ்சிய நோய் என்று அதை விரிக்கலாம். இந்த மிச்சத்தைக் கீமோதெரபியைக் கூட்டித் துடைக்க முயல்வது பழைய வழி. ஆனால் முதல் சுற்று மருந்துகளைத் தாங்கித் தப்பிய அணுக்கள், அதே வகை மருந்துகளுக்கு மறுமுறை பணிந்துபோகும் என்று எதிர்பார்க்க அதிக நியாயமில்லை. வேறு வழியில் கொல்லும் மருந்து ஒன்று தேவைப்பட்டது. அந்த இடத்துக்கு, குறிப்பிட்ட ஒரு புரதத்தைத் தேடிப்போய் ஒட்டும்படி உருவாக்கப்பட்ட ஆன்டிபாடிகள் எப்படி வந்தன, எங்கே வென்றன, எங்கே நோயாளிகளுக்கே தீங்கிழைத்தன, அவற்றைச் சோதித்த ஆய்வுகள் எதை நிறுவின, எதை நிறுவவில்லை என்பதே இக்கட்டுரையின் பொருள்.

முதலில் அளவீடு. பத்தாயிரம் அரிசிமணிக்கு ஒரு கல் கிடந்தாலும் பொறுக்கியெடுக்கும் திறன்தான் ஃப்ளோ சைட்டோமெட்ரி என்னும் கருவி வழக்கமாகத் தரும் நுட்பம், அதாவது 0.01 சதவீதம். ஒவ்வொரு அணுவின் மேற்பரப்பிலும் உள்ள புரதங்களை ஒளிரும் சாயங்களால் குறித்து, லேசர் கதிரின் முன்னால் ஒவ்வொன்றாக ஓடவிட்டு, இயல்புக்கு மாறான கலவையுடைய அணுக்களை அது எண்ணுகிறது. புற்றணுவின் மரபணுவில் மட்டும் காணப்படும் வரிசையைத் தேடும் பி.சி.ஆர். முறை இன்னும் சற்று ஆழம் போகும். புதிய தலைமுறை மரபணு வரிசையாக்கம், மாதிரி போதிய அளவு இருந்தால், பத்து லட்சத்தில் ஒன்றைக்கூடக் காட்டும். 1998-இல் ஒரே ஆண்டில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலுமாக மூன்று குழுக்கள், லுகேமியாக் குழந்தைகளிடம் சிகிச்சையின் தொடக்கத்திலேயே அளந்த மிச்சம், பின்னாளில் நோய் திரும்புமா என்பதை வலுவாக முன்னறிவிக்கிறது என்று காட்டின. பல ஆய்வுகளில் இடம்பெற்ற 13,637 நோயாளிகளின் தரவுகளை ஒன்றுசேர்த்து 2017-இல் வெளியான பகுப்பாய்வு ஒன்றில், மிச்சம் தென்படாத குழந்தைகளில் 77 சதவீதத்தினர் பத்தாண்டுக் காலம் நோய் திரும்புதல் போன்ற பின்னடைவு ஏதுமின்றி இருந்தனர். மிச்சம் தென்பட்டவர்களில் அந்த அளவு 32 சதவீதம்தான். பெரியவர்களிடம் இவை முறையே 64, 21.

இவ்வளவு பெரிய இடைவெளியைப் பார்க்கும் எவருக்கும், மிச்சத்தைத் துடைத்துவிட்டால் ஆயுள் நீளும் என்று தோன்றும். அது இன்னும் நிறுவப்படாத முடிவு என்பதைக் கவனிக்க வேண்டும். மிச்சம் தங்கியிருப்பது, நோயின் குணமே முரடானது என்பதன் அடையாளமாக மட்டும்கூட இருக்கலாம். அடையாளத்தை அழித்தால் குணம் மாறிவிடுமா என்பதை, மருந்து கொடுத்தவர்களையும் கொடுக்காதவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

இந்தக் கேள்வியை ஆன்டிபாடி கொண்டு முதலில் ஆழமாகத் தொட்டது அக்யூட் லுகேமியா அன்று. மெதுவாக வளரும் நாள்பட்ட லிம்ஃபாட்டிக் லுகேமியா. அலெம்டுசுமாப் என்னும் ஆன்டிபாடி, லிம்ஃபோசைட்டுகள் என்னும் வெள்ளணுக்களின் மேல் உள்ள சிடி52 புரதத்தில் ஒட்டிக்கொண்டு அவற்றை அழிக்கும். இங்கிலாந்தின் லீட்ஸ் நகரைச் சேர்ந்த குழு, முன்பே சிகிச்சை பெற்ற 91 பேருக்கு அதைக் கொடுத்து 2005-இல் வெளியிட்ட முடிவில், ஏறத்தாழ ஐந்தில் ஒருவரிடம் மிச்சம் அளவிட முடியாத நிலைக்குப் போயிருந்தது. அவர்கள் மற்றவர்களைவிட நெடுங்காலம் வாழ்ந்தார்கள். இதே காலகட்டத்தில் ஜெர்மனியில், கீமோதெரபியால் நோய் தணிந்த 21 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு அலெம்டுசுமாப் கொடுத்து, மறு பிரிவை மருந்தின்றிக் கண்காணித்தார்கள். மருந்து பெற்ற 11 பேரில் 7 பேருக்குக் கடுமையான தொற்றுகள் வந்ததால் ஆய்வைப் பாதியிலேயே நிறுத்த நேர்ந்தது. அப்படி நிறுத்தப்பட்ட ஆய்விலும், மருந்து பெற்றவர்களிடம் நோய் மீண்டும் தலையெடுக்க அதிக காலம் பிடித்தது என்று பின்னர் தெரியவந்தது.

இந்த ஆய்வு அளவில் சிறியது. ஆனால் இத்துறையின் இரண்டு முகங்களையும் இதைவிடச் சுருக்கமாகக் காட்டும் ஆய்வு வேறில்லை என்று நினைக்கிறேன். சிடி52 புற்றணுவில் மட்டும் இருப்பதன்று. நோயெதிர்ப்பைத் தாங்கும் டி செல்கள் என்னும் லிம்ஃபோசைட்டுகளிலும் இருக்கிறது. எச்சத்தைத் துடைக்கப் போன மருந்து காவல்படையையும் சேர்த்துத் துடைத்தது. தீவிர நோயோடு போராடுபவர் அந்த அபாயத்தை ஏற்பார். அறிகுறி ஏதுமின்றி வீட்டில் நடமாடிக்கொண்டிருப்பவருக்கு அதே அபாயத்தைக் கொடுப்பதற்குக் கூடுதல் நியாயம் வேண்டும். எஞ்சிய நோய்க்கான எந்தச் சிகிச்சைக்கும் தராசின் மறுதட்டில் இருப்பது இதுதான். இந்தத் தட்டு தாழ்ந்ததால்தான் அலெம்டுசுமாப் அந்த இடத்தில் நிலைக்கவில்லை.

ஆகவே, இலக்கை எங்கே தேர்ந்தெடுப்பது என்பது மருந்தின் வீரியத்தைவிட முக்கியமாகிவிட்டது. லிம்ஃபோசைட்டுகளின் இன்னொரு வகையான பி செல்களில் தோன்றும் லுகேமியாவில் அதற்கு நல்ல விடை இருந்தது. சிடி19 என்னும் புரதம் பி செல்களின் இளம் பருவம் தொடங்கி ஏறக்குறைய வாழ்நாள் முழுதும் அவற்றின் மேல் இருக்கிறது, புற்றணுக்களிலும் இருக்கிறது, மற்ற உறுப்புகளில் இல்லை. நல்ல பி செல்களும் சேர்ந்து அழியும்தான். ஆனால் மனிதர் சில காலம் பி செல் இல்லாமல் வாழ முடியும். அதனால் குறைந்துபோகும் இம்யூனோகுளோபுலின் என்னும் நோயெதிர்ப்புப் புரதத்தை ஊசி வழியாக ஈடுசெய்யவும் முடியும். டி செல்கள் தொடப்படாமல் இருப்பதோடு, இந்தச் சிகிச்சையில் கொல்லும் வேலையையும் அவையே செய்கின்றன.

பிளினாடுமொமாப் அப்படித்தான் இயங்குகிறது. மியூனிக் நகரில் உருவான எண்ணத்திலிருந்து பிறந்து, மைக்ரோமெட் நிறுவனம் வளர்த்து, 2012-இல் ஆம்ஜென் நிறுவனம் கைக்கொண்ட மருந்து இது. முழு ஆன்டிபாடியின் எடையில் மூன்றில் ஒரு பங்கே கொண்ட இந்தச் சிறு புரதத்தின் ஒரு முனை சிடி19-ஐப் பிடிக்கும். மறு முனை டி செல்லின் மேல் உள்ள சிடி3-ஐப் பிடிக்கும். இரண்டு அணுக்களையும் இழுத்து ஒட்டவைத்ததும், டி செல் தன்னிடம் உள்ள நச்சுப் புரதங்களைப் புற்றணுவுக்குள் செலுத்திக் கொல்கிறது. அந்த டி செல் அந்தப் புற்றுநோயைத் தானாக அடையாளம் காணத் தெரிந்ததாக இருக்க வேண்டியதில்லை. மருந்து தேவைப்படும் அளவோ வியப்பூட்டும்படி சிறிது: 45 கிலோவுக்கு மேல் எடையுள்ளவருக்கு நாளொன்றுக்கு 28 மைக்ரோகிராம். 28 நாள் கொண்ட ஒரு சுற்று முழுவதற்கும் சேர்த்தாலும் ஒரு மில்லிகிராமைத் தொடாது.

உருவம் சிறியதாக இருப்பதற்கு ஒரு விலை உண்டு. சாதாரண ஆன்டிபாடி உடலில் வாரக்கணக்கில் தங்கும். இது ஓரிரு மணி நேரத்திலேயே பாதியாகக் குறைந்துவிடும். எனவே 28 நாளும் இரவுபகலாகச் சொட்டுச் சொட்டாக ஏற்ற வேண்டும். பிறகு இரண்டு வார ஓய்வு. அதன் பிறகு அடுத்த சுற்று. முதல் சில நாள்களை மருத்துவமனையில் கழித்துவிட்டு, சிறு பம்பையும் மருந்துப் பையையும் தோளில் மாட்டிக்கொண்டு வீடு திரும்பலாம். குழாயில் தங்கியிருக்கும் மருந்தை உப்புநீர் விட்டுத் தள்ளிவிடக் கூடாது. அந்தச் சிறு அளவு ஒரே சமயத்தில் ரத்தத்தில் கலப்பதுகூட ஆபத்து. ஆய்வு அறிக்கைகளில் ஒரு வரியில் கடந்துபோகும் இந்த நடைமுறை, மருந்து எட்டும் தூரத்தைப் பெருமளவு தீர்மானிக்கிறது.

எஞ்சிய நோய் என்னும் கட்டத்துக்கு இந்த மருந்து ஏன் இவ்வளவு பொருந்தியது என்பதற்கு எளிய காரணம் உண்டு. மஜ்ஜை நிறையப் புற்றணுக்கள் இருக்கும்போது ஒவ்வொரு டி செல்லும் எதிர்கொள்ள வேண்டிய எதிரிகள் ஏராளம். சண்டையில் வெளிப்படும் சைட்டோகைன்கள் என்னும் அழற்சிப் புரதங்கள் பெருகிக் காய்ச்சல், ரத்த அழுத்த வீழ்ச்சி, மூச்சுத்திணறல் என்று உடலையே கவிழ்க்கக்கூடும். மிச்சம் சிறிதாக இருக்கும்போது டி செல்கள் எண்ணிக்கையில் மேலோங்கி நிற்கும். சைட்டோகைன் புயலும் அரிது. மீண்டும் தாக்கிய அல்லது மருந்துக்குப் பணியாத நோயுள்ள 405 பேரிடம் நடந்த டவர் ஆய்வில், பிளினாடுமொமாப் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள், அதாவது பாதிப்பேர் கடந்து வாழ்ந்த காலம், 7.7 மாதமாகவும், கீமோதெரபி பெற்றவர்களுடையது 4 மாதமாகவும் இருந்தன. முன்னேற்றம்தான், ஆனால் மாதக்கணக்கில் அளக்கும் முன்னேற்றம். அதே மருந்து மிச்சத்தின் மேல் ஏவப்பட்டபோது கணக்கு ஆண்டுகளுக்கு மாறியது.

ஜெர்மனியில் 21 பேரிடம் நடந்து 2011-இல் வெளியான முதல் ஆய்வில், மதிப்பிட முடிந்த 20 பேரில் 16 பேரிடம் மிச்சம் மறைந்தது. இவர்கள் கீமோதெரபிக்குப் பிறகும் மிச்சம் போகாதவர்கள் அல்லது போய்த் திரும்பியவர்கள் என்பதை நினைவில் வைத்தால், இந்த எண்ணின் கனம் புரியும். அடுத்து, ஃபிராங்க்ஃபர்ட்டின் நிக்கோலா கோக்பூகெட் முன்னின்று நடத்திய பிளாஸ்ட் ஆய்வு 116 பேரைச் சேர்த்தது, 0.1 சதவீதமோ அதற்கு மேலோ மிச்சம் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. ஒரே சுற்றில் 78 சதவீதத்தினரிடம் மிச்சம் முற்றிலும் மறைந்தது. இடைநிலை ஆயுள் 36.5 மாதம். இதை ஆதாரமாக வைத்து 2018 மார்ச் மாதம் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் ஒப்புதல் வழங்கியது. நோய் கண்ணுக்குத் தெரிவதற்காகக் காத்திராமல், அளவீட்டில் மட்டும் தெரியும் லுகேமியாவுக்கென்று அந்த நிர்வாகம் ஒப்புதல் அளித்த முதல் மருந்து இதுவே.

அந்த ஒப்புதல் எளிதாகக் கிடைத்துவிடவில்லை. ஆலோசனைக் குழுவின் வாக்கு 8-க்கு 4 என்று பிரிந்தது. தயங்கியவர்களிடம் வலுவான காரணங்கள் இருந்தன. பிளாஸ்ட் ஆய்வில் ஒப்பிடுவதற்கு மறு பிரிவே கிடையாது. எல்லோரும் மருந்து பெற்றவர்கள். மேலும், மிச்சம் மறைந்தவர்களில் பலர் அதன் பின் மஜ்ஜை மாற்று சிகிச்சைக்குப் போனார்கள். நோய் தணிந்த நிலையிலேயே அதைச் செய்துகொண்டவர்கள் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர். நீண்ட ஆயுளைத் தந்தது ஆன்டிபாடியா, மாற்று சிகிச்சையா? மாற்று சிகிச்சையோ வேறு கீமோதெரபியோ செய்துகொள்ளாத 36 பேரில் 9 பேர் நோயின்றித் தொடர்ந்தது ஒரு குறிப்பைத் தந்தது, தீர்ப்பைத் தரவில்லை. அன்றைய நிலையில் எதிராக வாக்களித்த நால்வரையும் பிடிவாதக்காரர்கள் என்று சொல்லிவிட முடியாது.

தீர்ப்பு வந்தது எதிர்பாராத திசையிலிருந்து. அமெரிக்காவின் ஈகாக்-அக்ரின் என்னும் புற்றுநோய் ஆய்வுக் கூட்டமைப்பு, மேயோ கிளினிக்கின் மார்க் லிட்சோ தலைமையில், 30 முதல் 70 வயது வரையுள்ளவர்களிடம் ஈ1910 என்னும் ஆய்வை நடத்திக்கொண்டிருந்தது. தொடக்கத்தில் மிச்சம் உள்ளவர்களையும் இல்லாதவர்களையும் சேர்த்தே குலுக்கலில் பிரித்தார்கள். 2018 ஒப்புதலுக்குப் பிறகு, மிச்சம் உள்ள ஒருவருக்கு ஆன்டிபாடியை மறுப்பது அறமாகாது என்பதால், அவர்கள் அனைவருக்கும் மருந்தைக் கொடுத்துவிட்டு, மிச்சம் தென்படாதவர்களிடம் மட்டும் ஒப்பீட்டைத் தொடர்ந்தார்கள். அதாவது, கருவியின் கணக்குப்படி துடைப்பதற்கு ஒன்றுமே இல்லாதவர்களிடம், துடைக்கும் மருந்தால் பலன் உண்டா என்று கேட்கும் ஆய்வாக அது மாறிப்போனது. சந்தர்ப்பவசமாக உருவான இந்தக் கேள்விதான், திட்டமிட்டுக் கேட்டிருந்த கேள்வியைவிடக் கூர்மையானது.

விடை ஐயத்துக்கு இடமின்றி வந்தது. மிச்சம் 0.01 சதவீதத்துக்கும் கீழே இருந்த 224 பேரில் பாதிப்பேர் கீமோதெரபியோடு நான்கு சுற்று பிளினாடுமொமாப் பெற்றார்கள். பாதிப்பேர் கீமோதெரபி மட்டும் பெற்றார்கள். மூன்றாண்டு முடிவில் முதல் பிரிவில் 85 சதவீதத்தினர் உயிரோடு இருந்தனர். இரண்டாம் பிரிவில் 68 சதவீதத்தினர். 2022 இறுதியில் அறிவிக்கப்பட்டு, 2024-இல் முழுமையாக வெளியான இந்த முடிவைத் தொடர்ந்து, மிச்சம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பி செல் லுகேமியாவில், நோய் தணிந்த பின் வரும் உறுதிப்படுத்தும் கட்டத்தில் இந்த மருந்தைப் பயன்படுத்தலாம் என்று 2024 ஜூனில் ஒப்புதல் விரிந்தது. பிலடெல்பியா குரோமோசோம் என்னும் மரபணுப் பிறழ்வு உள்ள வகை மட்டும் அதில் அடங்காது. பலன் 55 வயதுக்குக் குறைந்தவர்களிடம் மிகத் தெளிவாகவும், மூத்தவர்களிடம் அவ்வளவு உறுதியில்லாமலும் இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இந்த முடிவை எப்படிப் புரிந்துகொள்வது? மிச்சம் இல்லை என்ற அறிக்கை, கருவியின் எல்லைக்குக் கீழே என்பதற்குமேல் எதையும் சொல்வதில்லை. பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் கீழே என்றால் உடலில் இன்னும் கோடிக்கணக்கான புற்றணுக்கள் இருக்க இடமுண்டு. மருந்து பெறாத பிரிவில் மூன்றாண்டுக்குள் அத்தனை பேர் இறந்ததே அதற்குச் சாட்சி. மருந்தை யாருக்குக் கொடுப்பது என்று முடிவுசெய்யப் பயன்பட்ட பரிசோதனையின் குறையை, அந்த மருந்தே வெளிச்சத்துக்குக் கொண்டுவந்துவிட்டது. மிச்சம் குறைந்ததா என்பதோடு நிறுத்திக்கொள்ளாமல், குலுக்கலில் பிரித்து ஆயுளை எண்ணிப் பார்த்ததால்தான் இது தெரியவந்தது.

குழந்தைகளிடம் நடந்த ஆய்வு இதே கருத்தை மேலும் நுட்பமாக்கியது. நோய் திரும்பும் வாய்ப்பு நடுத்தரமாகவோ சற்றுக் கூடுதலாகவோ இருந்த 1,440 குழந்தைகளை அமெரிக்காவை மையமாகக் கொண்ட குழந்தைப் புற்றுநோய்க் கூட்டமைப்பு குலுக்கலில் பிரித்தது. கீமோதெரபியோடு இரண்டு சுற்று ஆன்டிபாடி பெற்றவர்களில் மூன்றாண்டு நோயற்ற வாழ்வு 96 சதவீதம். கீமோதெரபி மட்டும் பெற்றவர்களில் 87.9 சதவீதம். இடைக்காலக் கணக்கிலேயே வேறுபாடு தெளிவாகிவிட்டதால், குலுக்கலை முன்கூட்டியே நிறுத்தி, 2024 டிசம்பரில் முடிவை வெளியிட்டார்கள். இதில் நடுத்தரப் பிரிவைத் தேர்ந்த விதம் குறிப்பிடத்தக்கது. ஃப்ளோ சைட்டோமெட்ரியில் மிச்சம் தென்படாத குழந்தைகளை மரபணு வரிசையாக்கத்துக்கும் உட்படுத்தி, அதிலும் ஒன்றும் தென்படாதவர்களுக்குக் கீமோதெரபியே போதும் என்று ஒதுக்கினார்கள். ஏதேனும் தென்பட்டவர்களும், தெளிவாகச் சொல்ல முடியாதவர்களும்தான் குலுக்கலுக்குள் வந்தார்கள். ஆழமான அளவீட்டை, மருந்தைக் கூட்டுவதற்கு மட்டுமின்றி, தேவையற்றவர்களுக்குக் கொடுக்காமல் காப்பதற்கும் பயன்படுத்திய நல்ல எடுத்துக்காட்டு இது.

ஒரு வயது நிறையாத சிசுக்களுக்கு வரும், கேஎம்டி2ஏ மரபணு மாற்றம் கொண்ட லுகேமியா மிகக் கொடியது. அதில் 30 சிசுக்களுக்கு ஒரே ஒரு சுற்று ஆன்டிபாடியைச் சேர்த்தபோது, ஈராண்டு நோயற்ற வாழ்வு 81.6 சதவீதமாக இருந்தது. முந்தைய ஆய்வில் அதே கீமோதெரபியை மட்டும் பெற்றவர்களில் இது 49.4 சதவீதம். குலுக்கல் இல்லாத சிறு ஆய்வுதான். ஆனால் வேறுபாட்டின் அளவு, குலுக்கலுக்காகக் காத்திருக்க மனம் வராத அளவு.

இனி மருந்தின் இடர்கள். மிச்ச நிலையில் சைட்டோகைன் புயல் குறைவு என்றாலும், நரம்பு மண்டலப் பாதிப்பு வருகிறது: கைநடுக்கம், சொல் குழறல், மனக்குழப்பம், சிலருக்கு வலிப்பு. நோயாளியைத் தினமும் ஒரு வாக்கியம் எழுதச் சொல்லி, கையெழுத்து குலைகிறதா என்று செவிலியர்கள் பார்ப்பது பல மருத்துவமனைகளில் வழக்கம். பெரும்பாலும் மருந்தை நிறுத்தி டெக்சாமெதாசோன் என்னும் ஸ்டீராய்டு கொடுத்தால் சரியாகிவிடும். குழந்தைகள் ஆய்வில், நடுத்தர அபாயப் பிரிவினரிடையே, ஆன்டிபாடி பெற்றவர்களுக்கு ரத்தத் தொற்றும் குழாய் வழித் தொற்றும் கூடுதலாக வந்தன. நாள் முழுதும் நரம்பில் குழாய் இருக்கும்போது அது எதிர்பார்க்கக்கூடியதே. மூளை, தண்டுவடத் திரவத்துக்குள் இந்த மருந்து போதிய அளவு போவதில்லை என்பதால், முதுகுத்தண்டு வழியாக ஏற்றும் மெத்தோட்ரெக்சேட் என்னும் கீமோதெரபி மருந்தைக் கைவிட முடியவில்லை.

புற்றணு தப்பிக்கும் வழி ஒன்றும் உண்டு. சிடி19 புரதத்தையே உதிர்த்துவிட்டுத் திரும்பிவரும் அணுக்களை இந்த மருந்தால் தொட முடியாது. பரிசோதனைக் கூடத்துக்கும் இது சிக்கல்தான்: பி செல்களைக் கண்டுபிடிக்க ஃப்ளோ சைட்டோமெட்ரி வழக்கமாக நம்பியிருப்பது சிடி19-ஐத்தான். அந்தப் புரதம் மறைந்துபோன அணு, கருவியின் பார்வையிலிருந்தும் மறைந்து, மிச்சம் இல்லை என்ற பொய்யான ஆறுதலைத் தந்துவிடலாம். சிடி22 போன்ற வேறு அடையாளங்களை வைத்துத் தேடும் முறையைக் கூடங்கள் இதற்காகவே அமைத்துக்கொண்டுள்ளன. சிடி22-ஐ இலக்காகக் கொண்டு, நச்சு மருந்தைச் சுமந்து செல்லும் இனோடுசுமாப் ஓசோகாமிசின் என்னும் ஆன்டிபாடியும் மிச்ச நிலையில் சோதிக்கப்பட்டுவருகிறது. அதன் தலையாய இடர், கல்லீரலின் நுண் நாளங்கள் அடைபடுவது.

மஜ்ஜையிலுள்ள பிளாஸ்மா செல்களில் தோன்றும் புற்றுநோயான மல்டிபிள் மைலோமாவில் நிலைமை சற்று வேறு. அங்கே நோயை முற்றிலும் ஒழிப்பது அரிது. நீண்ட காலம் அடக்கிவைப்பதே பெரும்பாலும் இலக்கு. சிடி38-ஐப் பிடிக்கும் டாரடுமுமாப் ஆன்டிபாடியை முதற்கட்ட சிகிச்சையோடும் அதன் பின்னும் சேர்த்துக் கொடுத்த பெர்சியஸ் ஆய்வில் 709 பேர் இருந்தனர். லட்சத்தில் ஒன்று என்னும் நுட்பத்தில் மிச்சம் தென்படாதவர்கள் ஆன்டிபாடிப் பிரிவில் 75.2 சதவீதம், மறு பிரிவில் 47.5. நான்காண்டு முடிவில் நோய் முற்றாமல் இருந்தவர்கள் 84.3 சதவீதமும் 67.7 சதவீதமும். ஈராண்டுப் பராமரிப்பு முடிந்து, ஓராண்டுக்குக் குறையாமல் மிச்சம் தென்படாதவர்களுக்கு ஆன்டிபாடியை நிறுத்திவிடவும் இந்த ஆய்வு வழி வைத்திருந்தது.

மைலோமா நோயாளிகள் இப்போது நெடுங்காலம் வாழ்வதால், ஆயுளை எண்ணி முடிக்கும்வரை ஒவ்வொரு புதிய மருந்தையும் நிறுத்திவைத்தால் பத்தாண்டுக்கு மேல் ஆகிவிடும். எனவே, மிச்சம் மறைவதையே விரைவு ஒப்புதலுக்கான அளவுகோலாக ஏற்கலாமா என்று 2024 ஏப்ரலில் கேட்கப்பட்டபோது, அமெரிக்க ஆலோசனைக் குழுவின் 12 பேரும் ஆம் என்றார்கள். ஆறாண்டு முன்னர் லுகேமியாவில் 8-க்கு 4 என்று பிரிந்த வாக்கோடு ஒப்பிட்டால் எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்பது தெரியும். இருந்தாலும் ஒரு எச்சரிக்கை அருகிலேயே இருக்கிறது. வெனெடோகிளாக்ஸ் ஆன்டிபாடி அன்று, மாத்திரை. அதை மைலோமாவில் சோதித்த பெலினி ஆய்வில், மிச்சம் மறைந்தவர்கள் மருந்துப் பிரிவில்தான் மிகுதி. ஆனால் இறந்தவர்களும் அந்தப் பிரிவிலேயே மிகுதி: 21.1 சதவீதம், மறு பிரிவில் 11.3. இதைக் கண்டு 2019 மார்ச்சில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் எச்சரிக்கை விடுத்தது. ஜெர்மனியின் அலெம்டுசுமாப் ஆய்வை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. விரைவு ஒப்புதலை மிச்சத்தை வைத்துத் தரலாம். முழு ஒப்புதலுக்கு ஆயுள் கணக்கு வந்தே ஆக வேண்டும் என்பதில் தளர்வு கூடாது என்பது என் கருத்து.

மைலாய்டு வகை அக்யூட் லுகேமியாவில் இந்த வெற்றி இன்னும் கைகூடவில்லை. காரணம் இலக்குதான். அங்கே புற்றணுவின் மேல் இருக்கும் சிடி33 போன்ற புரதங்கள், ரத்தத்தை உற்பத்தி செய்யும் நல்ல இளம் அணுக்களிலும் இருக்கின்றன. பி செல் இல்லாமல் வாழலாம்; தொற்றுகளை முதலில் எதிர்க்கும் வெள்ளணுவான நியூட்ரோஃபில் இல்லாமல் வாரக்கணக்கில் வாழ்வது கடினம். சிடி33-ஐ இலக்காகக் கொண்ட ஜெம்டுசுமாப் ஓசோகாமிசின் 2000-இல் ஒப்புதல் பெற்று, 2010-இல் அமெரிக்கச் சந்தையிலிருந்து விலக்கப்பட்டு, குறைந்த அளவோடு 2017-இல் மீண்டு வந்த கதையே அந்தச் சிரமத்தைச் சொல்லும்.

பணக் கணக்கையும் தவிர்க்க முடியாது. 2014-இல் பிளினாடுமொமாப் அமெரிக்காவில் அறிமுகமானபோது இரண்டு சுற்றுகளுக்கான விலை 1,78,000 டாலர் என்று அறிவிக்கப்பட்டது. இந்தியாவின் குழந்தைப் புற்றுநோய் மருத்துவத்தில் மருந்தின் விலையோடு இன்னொன்றும் சேர்கிறது. 1980-களில் அடையாறு புற்றுநோய் நிலையம், மும்பை டாடா நினைவு மருத்துவமனை, டெல்லி எய்ம்ஸ் ஆகியவை எம்.சி.பி.-841 என்னும் பொதுவான கீமோதெரபி முறையைக் கைக்கொண்டபோது லுகேமியாக் குழந்தைகள் பிழைக்கும் அளவு உயர்ந்தது; ஆனால் சிகிச்சையின் கடுமையால் வரும் தொற்றில் குழந்தைகள் இறப்பது இங்கே எப்போதும் ஒரு பெரும் சுமையாகவே இருந்துவந்திருக்கிறது. கடுமையான கீமோதெரபியின் சில கட்டங்களை ஆன்டிபாடியால் ஈடுசெய்ய முடியுமானால், அதன் பலன் பணக்கார நாடுகளைவிட இத்தகைய இடங்களில்தான் கூடுதலாக இருக்க வாய்ப்பு. விலை அதற்கு நேரெதிராக நிற்கிறது.

ஆய்வுகளின் திசையும் இப்போது கூட்டுவதிலிருந்து கழிப்பதற்குத் திரும்பியிருக்கிறது. 96 சதவீதத்தை எட்டிய பிறகு, இன்னொரு மருந்தைச் சேர்த்து அதை 97 ஆக்கியதாக நிறுவுவதற்கு ஆயிரக்கணக்கான குழந்தைகள் வேண்டும். மாறாக, எதைக் கைவிடலாம் என்று கேட்பது பயனுள்ளது. பிலடெல்பியா குரோமோசோம் உள்ள பெரியவர்களிடம் இத்தாலியில் நடந்த டி-ஆல்பா ஆய்வு, கீமோதெரபியை அறவே ஒதுக்கி, டாசடினிப் மாத்திரை, ஸ்டீராய்டு, பிளினாடுமொமாப் ஆகியவற்றை மட்டும் 63 பேருக்குக் கொடுத்தது. இரண்டு சுற்று ஆன்டிபாடிக்குப் பிறகு 60 சதவீதத்தினரிடம் மூலக்கூறு அளவிலான பலன், அதாவது மரபணுப் பரிசோதனையிலும் மிச்சம் மறைந்த அல்லது அளவிட முடியாதபடி குறைந்த நிலை, கிடைத்தது; ஒன்றரை ஆண்டில் 95 சதவீதத்தினர் உயிரோடு இருந்தனர். கீமோதெரபியைத் தாங்க முடியாத முதியவர்களுக்கு, அதன் அளவைக் குறைத்து ஆன்டிபாடியைச் சேர்த்துக் கொடுக்கும் முறையைக் கோல்டன் கேட் என்னும் மூன்றாம் கட்ட ஆய்வு வழக்கமான சிகிச்சையோடு ஒப்பிடுகிறது. 28 நாள் பம்புக்கு மாற்றாக, தோலுக்கடியில் ஊசியாகப் போடும் வடிவமும் ஆய்வில் இருக்கிறது. அது நிலைபெற்றால், இரவுபகலாகக் குழாயோடு இருக்க வேண்டிய தேவையும், குழாய் வழி வரும் தொற்றும், அதற்கென்று பயிற்சி பெற்ற செவிலியர் குழுவை நகரத்துக்கு வெளியிலும் வைத்திருக்க வேண்டிய கட்டாயமும் குறையும்.